ஆறு மணிக் கண்தடம்

கோவில்பட்டி கோமதிநாயகம் வீட்டுக் குக்கர் நான்காவது விசில் அடித்த மறுகணம், சமையலறைச் சுவரில் மஸ்கட்டிலிருந்து ஒரு செய்தி மின்னியது. "அத்தை, அரிசி குழைஞ்சிரும். அடுப்பை அணைங்க."

செண்பகவல்லி அடுப்பை அணைத்தாள். மஸ்கட்டில் இருக்கும் அந்த மருமகள் யார் பெற்ற பெண் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கணவர் வழியில் ஏதோ ஒரு முறை. ஆனால் சோற்று விஷயத்தில் அந்தப் பெண்ணின் வாக்கு தப்பியதில்லை.

கசிவி வந்தபிறகு இதெல்லாம் சாதாரணம். கசிவி என்பது உளுந்தம்பருப்பு அளவுள்ள ஒரு பொருள். குக்கரில் ஒட்டினால் விசிலைச் சொல்லும். வாசற்கதவில் ஒட்டினால் யார் வந்தார், யார் போனார் என்று சொல்லும். மாத்திரைப் பெட்டி, ஸ்கூட்டர், செருப்பு, ஊஞ்சல் என்று எதில் ஒட்டினாலும் அதனதன் நடப்பை ஒற்றை வரியாக எழுதி, ஓடையாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஓடைக்கு யார் வேண்டுமானாலும் சந்தா சேரலாம். காசு கிடையாது. வீட்டுக் கணினியில் திரட்டி என்று ஒன்று இருக்கும். சேர்ந்த ஓடைகளையெல்லாம் அது வாரிக்கொண்டு வந்து திரையில் கொட்டும். ஒரு காலத்தில் செய்தித் தளங்கள் மட்டும்தான் இப்படி ஓடை விட்டுக்கொண்டிருந்தன. இப்போது தோசைக்கல்லும் விட்டது.

கோமதிநாயகம் தீப்பெட்டி ஆலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கத் தீப்பிடிக்கக் கூடாதே என்று பயந்து வாழ்ந்த மனிதர், ஓய்வு பெற்ற மறுநாள் வீட்டுக் கணினி முன் உட்கார்ந்து கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தா சேர்ந்தார். கோயில் மணி, பேருந்து நிலையக் கழிப்பறை, கடலைமிட்டாய்க் கடைப் பாகுச் சட்டி, சொந்தக்காரர்களின் அத்தனை கதவுகள். கரூரில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் அவர் சந்தாதாரர். "அது நேரம் தவறாதுளா. மனுசன்கிட்ட இல்லாத ஒழுக்கம்" என்று மனைவியிடம் அதைப் புகழ்வார். கரூரில் ஒருமுறை மின்சாரம் போனபோது இவருக்கு இங்கே சாப்பாடு இறங்கவில்லை.

இதுவரை எல்லாம் நன்மையே. கெடுத்தது கண்தடம்.

ஊரான் வீட்டு ஓடையை ஓசியில் பார்க்கிறவனை, அந்த வீட்டுக்காரன் திருப்பிப் பார்க்க வேண்டாமா? இது நியாயமான கேள்வி என்று பட்டதால் ஓடை வாரியம் ஒரு விதி செய்தது. ஒவ்வொரு வரிக்கும் கீழே, அதை யார் பார்த்தார், எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற தடம் தெரியும். பார்ப்பவனைப் பார்க்கும் உரிமை என்று அதற்குப் பெயர்.

அந்த உரிமை வந்த அன்று தமிழ்நாட்டில் ஒரு வாக்கியம் செத்தது. "அப்படியா! எனக்குத் தெரியவே தெரியாதே!"

ஆயிரம் ஆண்டுகளாக நம் உறவுகள் என்ற செக்கு இந்த ஒரு வாக்கியத்தின் எண்ணெயில்தான் சுற்றியது. கல்யாணத்துக்குப் போகவில்லையா? தெரியாதே. ஆஸ்பத்திரியில் கிடந்தவரை எட்டிப் பார்க்கவில்லையா? தெரிஞ்சிருந்தா வராம இருந்திருப்பேனா? கேட்டவருக்கும் அது பொய் என்று தெரியும், சொன்னவருக்கும் தெரியும், இருவரும் காபி குடித்துப் பிரிவார்கள். இனி அது நடக்காது. "பதினோரு விநாடி பாத்திருக்கீங்களே அண்ணாச்சி" என்று தடத்தை எடுத்து மூஞ்சியில் காட்டிவிடுவார்கள்.

நல்லதுக்குச் சொன்னால்தான் போக வேண்டும், கெட்டதுக்குச் சொல்லாமலே போக வேண்டும் என்பது நம் ஊர்ச் சட்டம். துக்கம் காதில் விழுந்தால் போதும், கிளம்ப வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் போட்ட காலத்தில் ஒருவன் காதில் மாதத்துக்கு ஒரு சாவு விழுந்தால் அதிகம். கோமதிநாயகம் காதில் நாளொன்றுக்கு நான்கு விழுந்தன. விளாத்திகுளத்தில் காலைச் சாவு, எட்டயபுரத்தில் மதியச் சாவு, திரும்பும் வழியில் பசுவந்தனையில் ஒரு பத்தாம் நாள். துக்கம் கேட்டுக் கேட்டு அவர் முகமே அப்படி ஆகிவிட்டது. அவர் தெருவில் நடந்தால் வேற்று ஊர்க்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

இத்தனை வீட்டு வாசலில் ஏறி இறங்கியவர் ஏறாத வாசல் ஒன்று இருந்தது. சங்கரன்கோவில் உலகநாதன் வீடு. செண்பகவல்லியின் உடன்பிறந்த அண்ணன் அவர்; கோமதிநாயகத்துக்கு மச்சான்; ஜவுளிக்கடைக்காரர்.

சண்டைக்கும் காரணம் ஓடைதான். ஐந்து வருடத்துக்கு முன் கோமதிநாயகத்தின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. செய்தியை ஓடையில் விட்டார். உலகநாதனின் கண்தடம் அதில் விழுந்தது. லேசாக இல்லை, முழுதாக ஒன்றரை நிமிடம். 'மச்சான் பார்த்துவிட்டார்' என்று கோமதிநாயகம் நிம்மதியாக மண்டப வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய்த் தாய்மாமனை அழைக்கவில்லை.

உலகநாதன் கல்யாணத்துக்கு வரவில்லை. தாய்மாமன் இல்லாமல் பெண் மணவறை ஏறினாள்.

"தெரிஞ்சும் வரலையே! கண்தடம் இருக்குலா!" என்றார் இவர். "ஊருக்கே போற செய்தியைப் பாத்துட்டு வாரதுக்கு நான் என்ன ஊர்ச்சனமா? கூப்பிட்டாரா?" என்றார் அவர். அதோடு சரி. அடுத்தவர் வாசலை யார் முதலில் மிதிக்கிறாரோ அவர் தோற்றவர்.

பேச்சு நின்றது. சந்தா நிற்கவில்லை. உலகநாதன் வீட்டு வாசற்கதவு தினமும் காலை ஆறு மணிக்குத் திறக்கும். 'சங்கரன்கோவில் வாசற்கதவு: திறந்தது' என்ற அந்த வரி கோமதிநாயகத்தின் திரையில் விழும். பல்கூடத் துலக்காமல் அவர் உட்கார்ந்து அதைப் பார்ப்பார். மச்சான் இருக்கிறார். அப்புறம்தான் காபி. இந்த ஐந்து வருடத்தில் மச்சானுக்கு இடது கண்ணில் புரை எடுத்தது, சர்க்கரை மாத்திரை ஒன்று இரண்டானது, ஊஞ்சல் ஆடும் நேரம் குறைந்தது எல்லாம் அவருக்கு அத்துப்படி. இவர் பார்ப்பது அங்கே மச்சானுக்கும் தெரியும். அவர் திருப்பி இங்கே குக்கரைப் பார்ப்பது இவருக்கும் தெரியும்.

"ரெண்டு கிழமும் இப்படியே பாத்துக்கிட்டு இருங்க" என்பாள் செண்பகவல்லி. "யாராவது ஒருத்தர் போயிட்டா அப்புறம் போட்டோகிட்டதான் பேசணும். அதுக்கு முன்னால ஒரு வார்த்தை பேசிருங்க. எனக்கு வேற எந்த ஆசையும் இல்ல."

"உங்கண்ணன் வரட்டும்."

"அவரும் இதைத்தான சொல்லுவாரு."

இந்த நிலையில்தான் ஜெபராணி வந்தாள். மடை விற்கிற நிறுவனத்தின் முகவர். மடை என்பது கணினிக்கும் சுவருக்கும் நடுவில் பொருத்துகிற ஒரு சின்னப் பெட்டி. வருகிற ஓடைகளை எல்லாம் வாசலிலேயே நிறுத்திவிடும். நிறுத்தியதற்கு அத்தாட்சியாக ஓர் அறியாமைச் சான்றும் வரும். "உங்களுக்குத் தெரியாதுன்னு நாங்க சாட்சி சொல்லுவோம் அண்ணாச்சி. எந்தக் கோர்ட்லயும் நிக்கும், எந்தச் சம்பந்தி முன்னாலயும் நிக்கும்" என்றாள்.

கோமதிநாயகத்தின் கண்கள் கலங்கின. "எந்தச் சாவுக்கும் போக வேண்டாமா?"

"நேர்ல வந்து சொன்னாப் போங்க. அந்தக் காலம் மாதிரி."

"போடு தாயி."

ஜெபராணி பெட்டியைப் பொருத்திக்கொண்டே திரையைப் பார்த்தாள். கண்தடப் பழக்கங்கள் எல்லாம் அவளுக்கு வரிசையாகத் தெரிந்தன. "அண்ணாச்சி, தினம் காலைல ஆறு மணிக்கு ஒரு சங்கரன்கோவில் கதவைப் பாக்கீங்களே. ஒரு நாளும் தவறல. அதை மட்டும் விட்டு வைக்கவா? சான்று மட்டும் கிடைக்காது. பாதி அறியாமை செல்லாது."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. செண்பகவல்லி காது கொடுத்துக்கொண்டிருந்தாள். 'விட்டு வை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அது சங்கரன்கோவில் வாசலை மிதிப்பதற்குச் சமம் என்று ஓர் ஆண்பிள்ளைக்குத் தோன்றாமல் இருக்குமா?

"அதெல்லாம் தெரியாமக் கை பட்டது. அடை, அடை" என்றார்.

"வெளிய போற ஓடையையும் சேத்து அடைச்சா ஆடித் தள்ளுபடி."

"எல்லாத்தையும் அடை!"

பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது. முன்னைவிடப் பலமாக.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்குக் கோமதிநாயகத்தின் கால்கள் பழக்கத்தில் அவரைக் கணினி முன் கொண்டுபோய் நிறுத்தின. திரை துடைத்த பலகையாக இருந்தது. பிறகு வாழ்க்கையில் முதல்முறையாகப் பல் துலக்கிவிட்டுக் காபி குடித்தார். குக்கர் கூவியது, மஸ்கட் வாய் திறக்கவில்லை, அரிசி குழைந்தது. விளாத்திகுளத்தில் யார் செத்தார்களோ, தெரியாது. எட்டயபுரம்? தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ள ஒன்றுமில்லாத மனிதனுக்குத் தூக்கம் வரும். கூடத்தில் தரையில் தெற்கே தலைவைத்துக் காலை நீட்டி, ஈ மொய்க்காமல் இருக்க வெள்ளைத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அசந்து தூங்கினார். வெள்ளிக்கிழமை என்று குத்துவிளக்கைத் துலக்கி ஏற்றிய செண்பகவல்லி, சாமி படங்களையும் துடைத்து முடிக்கும்வரை இருக்கட்டும் என்று அதை அவர் தலைமாட்டில் வைத்தாள். அப்புறம்தான் பூ வாங்காதது ஞாபகம் வந்து கடைக்குப் போனாள்.

இனி சங்கரன்கோவில்.

ஆறு மணிக்கு உலகநாதன் கதவைத் திறந்தார். உள்ளே போய்த் திரையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் கண்தடம் இல்லை. நெட்வொர்க் கோளாறாக இருக்கும் என்று கதவை மூடி மறுபடி திறந்தார். தடம் இல்லை. ஏழரைக்குக் கோவில்பட்டிக் குக்கருக்காகக் காத்திருந்தார். விசில் வரவில்லை. குக்கர் கூவாத வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அர்த்தம். காலையில் அடுப்பு எரியாத வீடு எது? கோவில்பட்டி வாசற்கதவு பேசவில்லை. மாத்திரைப் பெட்டி பேசவில்லை. வீடே மூச்சை நிறுத்தியிருந்தது. போனவர் யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை. நின்றது ஆறு மணித் தடம் அல்லவா?

போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்றால், என்னவென்று கேட்பது? "தங்கச்சி, உன் புருசன் இருக்காரா, போயிட்டாரா?" என்றா? கெட்டதுக்குச் சொல்லாமல் போக வேண்டும். கேட்டுக்கொண்டும் போகக் கூடாது.

கடையைத் திறந்து ஒரு கோடிச் சேலையை எடுத்தார். தாலி இழந்த பெண்ணுக்குப் பிறந்த வீடுதான் முதலில் கோடி போட வேண்டும். ஆளுயர மாலை வாங்கினார். சங்கு ஊதுகிறவரையும் பங்காளிகளையும் ஏற்றிக்கொண்டு வேனில் கிளம்பினார். வேனிலும் கசிவி இருந்தது. 'உலகநாதன் வேன்: துக்கத்துக்குப் போகிறது. கோவில்பட்டி, மாப்பிள்ளை' என்று அது வழியெல்லாம் ஓடை விட்டது. அதைப் பார்த்தவர்களின் கண்தடம் பதிந்துவிட்டதால், தெரியாது என்று சொல்ல ஒருவருக்கும் வழியில்லை. கழுகுமலை தாண்டும்போது பின்னால் நாற்பது வண்டிகள். கோவில்பட்டியில் சாமந்திப்பூ தீர்ந்துவிட்டது. தாமதமாக வந்தவர்கள் காலிஃபிளவர் வாங்கியதாகக்கூடக் கேள்வி.

உலகநாதன் கூடத்துக்குள் நுழைந்தார். தெற்கே தலை. வெள்ளைத் துண்டு. தலைமாட்டில் விளக்கு.

"ஏ மாப்ளே!" என்று அவர் விழுந்த வேகத்தில் விளக்கு ஆடியது.

கோமதிநாயகத்துக்கு விழிப்பு வந்தது. கனவில் மச்சான் குரல் கேட்கிறது என்று நினைத்தார். கனவாக இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. அசையாமல் கிடந்தார்.

"என்னைய விட்டுட்டுப் போயிட்டீரே வே! அஞ்சு வருசமா ஒரு நாள் தவறாமக் காலைல ஆறு மணிக்குப் பாராக்காரன் மாதிரி என் வாசல்ல வந்து நிப்பீரே! நான் கடை திறக்கது பத்து மணிக்கு வே! அந்நேரத்துல எனக்கு என்ன வேலை? நீரு வந்து பாத்து ஏமாந்துரக் கூடாதேன்னு அஞ்சே முக்காலுக்கு அலாரம் வச்சு எந்திரிச்சுக் கதவைத் திறந்தேனே! இனி யாருக்குவே திறப்பேன்?"

துண்டுக்கு அடியில் கோமதிநாயகத்தின் கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் போனது. அதே சமயம், இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு எழுந்திருக்கலாமே என்றும் இருந்தது. தன் சாவு வீட்டில் தனக்குக் கிடைக்கிற மரியாதையை அனுபவிக்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது?

"தங்கம்வே நீரு! சுத்தத் தங்கம்!" மூச்சு வாங்கிக்கொண்டார் உலகநாதன். "ஒரே ஒரு தட்டு. ஒரு வெத்தலை, ஒரு கொட்டைப்பாக்கு. அதைத் தூக்கிட்டு என் வாசலுக்கு வந்திருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

இதைத்தான் கோமதிநாயகத்தால் தாங்க முடியவில்லை. சாவு வேறு, நியாயம் வேறு.

"அதான் ஒன்றரை நிமிசம் பாத்தீங்களே மச்சான்! தடம் இருக்கே!" என்றது துண்டு.

"பாத்தா? பாத்தாக் கூப்பிட்டதா ஆயிருமா வே?" என்று அதே வேகத்தில் திருப்பிக் கேட்டார் உலகநாதன்.

சங்குக்காரர் வாயிலிருந்து சங்கை எடுத்தார். பங்காளிகளில் ஒருவர் வாசல் பக்கமாகப் பின்னால் நகர்ந்தார். கோமதிநாயகம் துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

சரியாக அந்த நேரத்தில் பூவோடு செண்பகவல்லி வந்தாள். வாசலில் நாற்பது வண்டிகள், கூடத்தில் மாலை, அண்ணன் கக்கத்தில் மடித்த சேலை. ஐந்து வருடம் கழித்து அண்ணனைப் பார்க்கிறாள்.

"இது என்னதுண்ணே?"

உலகநாதன் சேலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார்.

"கோடியா? என் புருசன் குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காரு, நீ கோடிச் சேலையோட வாரியா?" சேலையைப் பிடுங்கி விரித்தாள். "அதுவும் கடையில விலை போகாமக் கெடந்ததாப் பாத்து எடுத்துட்டு வந்திருக்க! இந்தக் கலரை உயிரோட இருக்கவ கட்டுவாளா?"

"அவசரத்துல கைக்கு வந்ததை..." என்று முனகிய உலகநாதன் சட்டென்று நிமிர்ந்தார். அழுத முகம் காய்ந்து கல்லானது. எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மிதிக்கக் கூடாத வாசலை மிதித்தாயிற்று.

"நான் துக்கத்துக்குத்தான் வந்தேன்" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "துக்கம் இல்லைன்னா எனக்கு இங்க என்ன வேலை? இது கணக்குல சேராது. வண்டியை எடுங்கடா."

வாசல் கேட் வரை போனார். அங்கே நின்றுவிட்டார்.

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர் சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும். நல்ல வீட்டிலிருந்து கிளம்புகிறவர் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லித்தான் போக வேண்டும். சொல்லாமல் போனால் உயிரோடிருக்கும் மாப்பிள்ளையைப் பிணம் என்று அடித்துச் சொன்னதாகும். தங்கை தாலிக்கே அவர் வைக்கும் சாபம் அது. சொன்னாலோ, இது நல்ல வீடு, இதற்குள் கூப்பிடாமல் வந்துவிட்டேன் என்று நாற்பது வண்டி ஆட்கள் முன்னால் ஒப்புக்கொண்டதாகும். ஒரு கை கேட்டின் தாழ்ப்பாளில், ஒரு கால் தெருவில். ஜவுளிக்கடை பொம்மை மாதிரி நின்றார். உச்சி வெயில். இப்போது அவர் மற்றக் காலையும் தெருவில் எடுத்து வைத்துவிட்டால் இந்த ஜென்மத்தில் அந்த இரண்டு பேரும் பேசப்போவதில்லை என்று செண்பகவல்லிக்குத் தெரிந்தது. கணவரைப் பார்த்தாள்.

கோமதிநாயகம் சமையலறைக்குள் ஓடினார். தட்டு அகப்படவில்லை. எவர்சில்வர் டப்பா மூடி ஒன்றை எடுத்தார். வெற்றிலை இல்லை, முருங்கைக் கீரையில் ஒரு கொத்து. பாக்கு இல்லை, ஒரு கொட்டைப் புளி. வாழைப்பழம் மட்டும் உண்மையான வாழைப்பழம். ஐந்து வருடத்துக்கு முன் போயிருக்க வேண்டிய அந்தத் தூரத்தை, கூடத்திலிருந்து கேட் வரை, இரண்டு கையாலும் மூடியை ஏந்திக்கொண்டு நடந்தார்.

"மச்சான்" என்றார். "நம்ம வீட்ல ஒரு நல்ல காரியம். நீங்க அவசியம் குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்."

உலகநாதன் திரும்பவில்லை. "என்ன காரியம்?"

"நான் சாகல."

உலகநாதனின் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். திரும்பினார். மூடியைப் பார்த்தார். கீரையைப் பார்த்தார்.

"என்னைக்கு?" என்று கேட்டார் முறையாக.

"இன்னைக்குத்தான். இப்ப."

"தாய்மாமன் மொறைக்கு முதல்ல என்கிட்டத்தான சொல்லுதீரு?"

"முதல்ல உங்ககிட்டத்தான் மச்சான்."

"அப்ப வரணும்லா" என்று கேட்டை மறுபடி திறந்து, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார்.

நாற்பது வண்டி ஆட்களுக்கும் குழைந்த சோறு போடப்பட்டது. மாலையை வீணாக்காமல் கூடத்துச் சாமி படத்துக்குப் போட்டார்கள், படம் மறைந்தது.

கூட்டம் கலைந்தபின் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஐந்து வருடப் பேச்சு பாக்கி இருந்தது.

"கண்ணு எப்படி இருக்கு மச்சான்?"

"அதான் சொட்டுமருந்து ஓடையில பாத்திருப்பீரே."

"ஆமா."

"நீரு செருப்பு மாத்தினீரு போல."

"ஆமா. அது தெரியுமா?"

"தெரியும்."

அவ்வளவுதான். விசாரிக்க ஒன்றும் மிச்சமில்லை. இருவருக்கும் இருவரைப் பற்றியும் எல்லாம் தெரிந்திருந்தது. செண்பகவல்லி இரண்டு முறை காபி கொண்டுவந்தாள். இரண்டு முறையும் இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ளே" என்றார் கடைசியில் உலகநாதன். "நானும் ஒரு மடை வாங்கிப் போட்டுருதேன். நீரு என்னையப் பாக்க வேண்டாம், நான் உம்மையப் பாக்க வேண்டாம். வெள்ளிக்கு வெள்ளி நான் வாரேன். நேர்ல பேசுவோம்."

அப்படியே ஆயிற்று. வெள்ளிக்கிழமைகளில் உலகநாதன் வந்தார். கடையில் நடந்ததை எல்லாம் ஒன்றுக்குப் பத்தாகச் சொன்னார். யாரும் சரிபார்க்க முடியாது என்பதால் கோமதிநாயகமும் தெருநாயைச் சிறுத்தையாக்கிச் சொன்னார். செய்தி பரவியது. பிடித்தமானவர்களுக்கு மடை போடுவது என்பது ஊரில் ஒரு மரியாதையானது. சம்பந்திகள் தாம்பூலம் மாற்றும்போதே ஓடைகளை அடைத்துக்கொண்டார்கள். 'உங்களை நாங்கள் பார்ப்பதே இல்லை' என்பதைவிடப் பெரிய வாழ்த்து தென்மாவட்டங்களில் அப்போது இல்லை. செண்பகவல்லி அந்தக் கோடிச் சேலையை இரண்டாகக் கிழித்துக் கணினிக்குத் திரை தைத்துப் போட்டாள்.

ஜெபராணி சான்றைப் புதுப்பிக்க வந்தபோதுதான் அது வெளிப்பட்டது.

"மடையிலயும் ஒரு கசிவி உண்டு அண்ணாச்சி. வாரிய விதி. உள்ள என்ன இருக்குன்னு சொல்லாது. மடை மூடியிருக்கா, திறந்திருக்கா, அது மட்டும் சொல்லும். அந்த ஒரு வரியை எந்த மடையும் நிறுத்தாது."

"அதுக்கும் சந்தா சேரலாமா?"

"நாட்டுலயே இப்ப அதிகம் பேரு பாக்கது அதைத்தான். பாக்காம இருக்காங்களான்னு பாக்கணும்லா!"

"சேச்சே. நமக்கு எதுக்கு அது?" என்றார் கோமதிநாயகம். அவள் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கோடிச் சேலையைத் தூக்கினார். 'சங்கரன்கோவில் மடை: மூடியிருக்கிறது.' மனம் நிறைந்தது. மச்சான் வாக்குத் தவறாதவர். அப்புறம்தான் காபி. தினமும் இது நடந்தது. ஒரு நாள் தற்செயலாகத் தன் மடையின் ஓடையை எடுத்துப் பார்த்தார். கீழே ஒரே ஒரு கண்தடம். உலகநாதன். காலை ஆறு மணி. நேற்றும் ஆறு மணி. அதற்கு முந்தின நாளும்.

கோமதிநாயகத்துக்கு அந்த மாதம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். வலியில் அன்று அவருடைய ஆறு மணித் தடம் தவறியது; பல் ஆஸ்பத்திரி நாற்காலியிலும் கசிவி உண்டு. மறுநாள் காலை சங்கரன்கோவில் மடை வேறு ஒரு வரி சொன்னது: 'அரை நிமிடம் திறந்தது. மூடியது.'

வெள்ளிக்கிழமை உலகநாதன் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு பொட்டலம். அல்வா. எப்போதும் கொண்டுவருவது காராச்சேவு. பல் போனவரால் அதைக் கடிக்க முடியாது.

"அப்புறம் மாப்ளே, என்ன விசேஷம்?"

"ஒரு பல்லைப் புடுங்கிட்டாங்க மச்சான்."

"அப்படியா!" உலகநாதன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தே விட்டார். கண்கள் விரிந்தன, கை மார்புக்குப் போனது. "எனக்குத் தெரியவே தெரியாதே வே! தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?"

கோமதிநாயகம் அவர் முகத்தைப் பார்த்தார். அரை நிமிடம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. பல் இருந்த ஓட்டை வழியாக அதை உள்ளே தள்ளிவிட்டு, அல்வாப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"நாலு டாக்டர் மச்சான்! ஒருத்தர் நெஞ்சுல ஏறி உக்காந்துகிட்டாரு!"

"ஐயோ! நாலு பேரா!"

செண்பகவல்லி காபியோடு வந்தாள். அல்வாவைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். "ஏண்ணே, பல்லு விஷயம் உனக்கு முன்னாலயே..."

"அவருக்கு எப்படிளா தெரியும்?" என்று அதட்டினார் கோமதிநாயகம்.